கடிச்சா சத்தம் வரணும்

— இன்னொருக்கா சொல்லு. என்ன கேட்ட?

— உருளைக்கிழங்கு வறுவலுங்கக்கா. மொறுமொறுன்னு நீங்க செய்வீங்களாமே, அதுங்க.

— ஆமாஞ்சாமி, காது நல்லாத்தான் கேக்குது. மாதவராஜோட ரெண்டாம் பொண்டாட்டி ஏரியூர்லேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி காரிமங்கலம் வந்து, மூத்தவ வூட்டுக் கதவத் தட்டி, வறுவல் எப்படிச் செய்யறதுன்னு கேக்கறா. வெளிய சொன்னா எவளாச்சும் நம்புவாளா?

— உள்ள வரட்டுங்களாக்கா? சந்தைக் கூட்டம், தருமபுரியிலேருந்து நின்னுக்கிட்டே வந்தனுங்க. கால் கடுக்குது.

— வா. அந்தத் துணியத் தள்ளிட்டு உக்காரு. ஊசி கெடக்கும், பாத்து. நாளைக்குக் குடுக்க வேண்டிய ஜாக்கெட்டு. உம்பேரு சோபனாதான?

— ஆமாங்க. உங்களுக்கு எப்படிங்க...

— கோர்ட்டு வாசல்ல பாத்தேன். என் புள்ள கையப் புடிச்சுக்கிட்டு நின்ன. "சுகுணா, சுகுணா"ன்னு டவாலி என் பேரக் கூப்புடறான், எனக்கு உள்ள போவத் தோணல. அந்தக் கையவே பாத்துக்கிட்டு நின்னேன்.

— நான் யாரு குடும்பத்தையும் கெடுக்கலீங்கக்கா. நீங்க போயி ஒரு வருசங்கழிச்சுத்தான் என்னக் கேட்டு வந்தாங்க. சத்தியமாங்க.

— நீ கெடுத்தன்னு நான் சொன்னனா? ஊசிப்போன சோத்துல வந்து கைய வெச்ச. அவ்வளவுதான். அவன் அனுப்பிச்சானா உன்ன?

— ஐயோ, இல்லீங்க. அவருக்குத் தெரியாது. லாரி எடுத்துக்கிட்டு விடிகாலையிலயே போயிட்டாரு. வந்துங்க... நான் பாப்பாவுக்கோசரம் வந்தனுங்க. கலைமதி ஒரு வாரமா சரியாவே சாப்புடலீங்க. நீங்க செய்யற வறுவல்தான் வேணுங்கறா.

— கலைமதியா?

— ஆமாங்க.

— அவ வாயால கேட்டாளா?

— கேட்டாங்க.

— எங்கம்மா செய்யறதுன்னு சொன்னாளா?

— சொன்னாங்க.

— இரு. இந்த நூல் தூசி எப்பப் பாரு கண்ணுல வந்து வுழுவுது. மூஞ்சி கழுவிட்டு வரேன். தண்ணி வேணும்னா சொம்புல இருக்குது, குடி.

— பொறுமையா வாங்கக்கா.

— ம். எந்திரி. வாயில சொன்னா உனக்குப் புரியாது, செஞ்சே காட்டறேன். பழைய கிழங்கா பாத்து வாங்கணும், கேட்டுக்க. புதுக்கிழங்கு பூராம் தண்ணி, எவ்வளவு வறுத்தாலும் சவசவன்னுதான் கெடக்கும். இந்தா பாரு, தோலு காஞ்சு சுருங்கியிருக்குது பாத்தியா? இதுதான் கிழங்கு. சீவிக் குடு.

— வூட்டுல எப்பவும் வெச்சிருப்பீங்களாங்க?

— நாலு வருசமா ஒரு கிழங்கு வாங்குனதில்ல நானு. பக்கத்து வூட்டு நிர்மலா டீச்சரு சந்தைக்குப் போனப்ப எனக்கும் சேத்து அள்ளிக்கிட்டு வந்துட்டா. வேணாம்னா கேக்கல. மூலையில கெடந்துச்சு. நாலா வகுந்து போடு. ரொம்பச் சின்னதா வேணாம், கருகிப்போயிரும்.

— இந்த அளவு போதுங்களா?

— போதும். தண்ணி கொதிச்சதும் உப்பு, மஞ்சத்தூளு. முழுசா வேவக் கூடாது. நெகத்தால குத்துனா எறங்கணும், ஒடையக் கூடாது. எந்த கிளாஸு இப்ப அவ?

— மூணாவதுங்க.

— நல்லா படிக்கறாளா?

— தமிழு கடகடன்னு படிப்பாங்க. வாய்ப்பாடுதான் வராது. ஏழாம் வாய்ப்பாடுன்னாலே வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்குவா.

— எனக்கும் ஏழு வராது. பல்லு?

— முன்னாடி ரெண்டும் வுழுந்து மொளைச்சிருச்சுங்க. ஒண்ணு மட்டும் கொஞ்சம் கோணலு.

— முடி?

— இடுப்பு வரைக்கும் இருந்துச்சுங்க. பேனு புடிச்சதுன்னு தோளோட வெட்டிவுட்டனுங்க. ரெண்டு நாளு எங்கிட்ட பேசல.

— வெரல் சூப்பறத வுட்டாளா?

— தூங்கறப்ப மட்டும் இன்னும் இருக்குதுங்க. வேப்பெண்ணெ தடவிப் பாத்தேன்...

— தடவாத. தானா வுடுவா. குத்திப் பாரு கிழங்க. எறங்குதா? அப்ப எறக்கி வடி. உன்ன என்னன்னு கூப்புடறா?

— சித்தின்னுங்க.

— சுடுதண்ணிய வடிக்கறப்ப பொய் சொல்லாத, மேல கொட்டிக்குவ. என்னன்னு கூப்புடறா?

— அம்மான்னுங்க.

— ம்.

— நான் சொல்லித் தரலீங்கக்கா. அவளா, ஒரு நாளு...

— வுடு. கூப்புட ஒரு ஆளு வேணுமில்ல அதுக்கும். வடிச்சிட்டியா? இப்ப மூடியப் போட்டு, குண்டான ரெண்டு கையிலயும் புடிச்சுக் குலுக்கு. இன்னும் வேகமா. தொறந்து பாரு. ஓரமெல்லாம் சொரசொரன்னு ஆயிருச்சா?

— ஆயிருச்சுங்க. மாவு பூத்தாப்புல இருக்குது.

— அதுதான் சூட்சுமம். வழவழன்னு இருந்தா மொறுமொறுப்பு வரவே வராது. இத துணியில பரப்பி ஃபேனுக்குக் கீழ வையி. ஈரம் ஒரு சொட்டு இருக்கக் கூடாது.

— இதெல்லாம் யாருங்கக்கா உங்களுக்குச் சொல்லித் தந்தாங்க?

— உம்புருசந்தான்.

— அவருக்குச் சமைக்கத் தெரியுங்களா?

— தட்ட வீசத் தெரியுமில்ல. ஒரு நாளு கொழகொழன்னு இருந்துச்சு, செவுத்துல அடிச்சான். சரின்னு மறுநாளு தண்ணிய நல்லா வடிச்சேன். அடுத்த தடவ கருகிப்போச்சு, வெளிய வீசுனான். தீயக் கொறச்சேன். இப்படி அஞ்சு வருசம். எந்தத் தப்புக்கு எந்தத் தட்டுன்னு எனக்கு இன்னமும் சொல்ல வரும். அரிசி மாவு எடு, அந்த நீல டப்பா. ரெண்டு கரண்டி தூவு. மொளகாத்தூளு ஒரு கரண்டி. பூண்டத் தோலோட நசுக்கு.

— கடலெண்ணெயாங்க?

— கடலெண்ணெதான். இரும்புச் சட்டியில ஊத்தி நல்லா காயவுடு. இப்ப போடு. ஒவ்வொண்ணா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம. போட்டியா? கரண்டியக் கீழ வையி.

— கிண்ட வேணாங்களா?

— கிண்டுனா போச்சு. அதுபாட்டுக்குக் கெடக்கணும். அடி செவந்ததும் தானா சட்டிய வுட்டுரும், அப்ப திருப்பு. மூடி போட்டுறாத, வேர்த்துப்போயிரும். கருவேப்பில கடைசியா. பாப்பாவுக்குக் காரம் ஆவுமா இப்ப?

— ஆவுங்க... எறக்குனதுக்கு அப்புறம் எத்தன நேரம் மொறுமொறுப்பு நிக்குங்க?

— கால் மணி நேரம். அதுக்குள்ள தின்னுறணும்.

— அதுதாங்கக்கா எனக்குப் புடிபடல. எட்டு மணிங்கறாரு, ஒம்பதரைக்கு வர்றாரு. அதுவரைக்கும் எப்படிங்க நீங்க அப்படியே வெச்சிருப்பீங்க?

— யாரு?

— இல்லீங்க, நான் வந்து...

— யாரு ஒம்பதரைக்கு வர்றது? மூணாங்கிளாஸு புள்ள ஒம்பதரைக்கா வருது பள்ளிக்கூடத்துலேருந்து?

— அக்கா...

— பாப்பாவுக்குன்னு சொன்ன.

— ஆமாங்க, பாப்பாவுக்கும்...

— கண்ணப் பாத்துச் சொல்லு. கலைமதி கேட்டாளா? எங்கம்மா வறுவலுன்னு அவ கேட்டாளா இல்லியா?

— கேக்கலீங்க.

— ம்?

— அவ உருளைக்கிழங்கத் தொடவே மாட்டாங்க. அந்த வாசம் வந்தாலே கட்டிலுக்கு அடியில போயி உக்காந்துக்குவா. அவரு தின்னு கை கழுவுற வரைக்கும் வெளிய வர மாட்டா.

— வெளிய போ.

— அக்கா, ஒரு நிமிசம்...

— எந்திரிச்சுப் போடி வெளிய! எம்புள்ள கேட்டான்னு நெனச்சு... நாலு வருசங்கழிச்சு அவளுக்கு எங்கையி ஞாபகம் வந்துச்சுன்னு நெனச்சு நின்னுக்கிட்டிருக்கேன் நானு இங்க. அந்த நாய்க்கா என் அடுப்புல வறுக்கற நீயி?

— வேற எப்படிங்க நான் உள்ள வர்றது? அவருக்குன்னு சொன்னா கதவத் தொறந்திருப்பீங்களா?

— தொறந்திருக்க மாட்டேன்.

— தெரியுங்க. அதுக்குத்தான் பொய் சொன்னேன். தினமும் உங்க பேரத்தாங்கக்கா சொல்றாரு. "சுகுணா செஞ்சா சத்தம் வரும், நீ செஞ்சா சாணி மாதிரி இருக்குது"ன்னு. நான் யூட்யூப்புல பாத்துப் பாத்து செஞ்சேன், ஒண்ணியும் சரியா வரல. இத ஒண்ண மட்டும் கத்துக்கிட்டா வூடு அமைதியாயிரும்னு நெனச்சனுங்க.

— அந்தக் கைய ஏன் மணிக்கட்டுக்கு மேல முந்தானையில சுத்தி வெச்சிருக்க? வந்ததுலேருந்து பாக்கறேன். காட்டு.

— ஒண்ணுமில்லீங்க.

— காட்டுன்னா காட்டு. ஐயோ, முழங்கை வரைக்கும் வெந்திருக்குதேடி. இது எப்ப?

— போன வியாழக்கெழமைங்க. சட்டியத் தட்டிவுட்டாரு. எண்ணெ சூடா இருந்துச்சு.

— ஆஸ்பத்திரிக்குப் போனியா?

— மருந்துக்கடையில களிம்பு வாங்கித் தடவுனேன். பாப்பாதான் பனையோல விசிறியால வீசிவுட்டா, ராத்திரி பூராம்.

— இங்க உக்காரு. தீயக் கொறச்சிட்டேன், அது கெடக்கட்டும். சோபனா, ஒண்ணு சொல்றேன், கேளு. ஒரு நாளு எனக்கு நல்லா வந்துருச்சு. அஞ்சாவது வருசம். தங்கமாட்டம். அவன் உக்காந்தான். ஒண்ண எடுத்துக் கடிச்சான். கறுக்குன்னு சத்தம் கேட்டுச்சு எனக்கு, அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். மாரியாத்தா, பொழச்சேன்னு நெனச்சேன். தட்டு பூராம் தின்னான். ஒரு துண்டு மிச்சம் வெக்கல. கை கழுவிட்டு வந்தான்.

— வந்து?

— "இத்தன நாளும் இது உனக்குத் தெரியும், இல்ல? தெரிஞ்சுக்கிட்டேதான என்ன மண்ணத் திங்க வெச்ச?"ன்னான். அன்னிக்கு அடிச்ச மாதிரி அதுக்கு முன்னாடி என்னிக்கும் அடிச்சதில்ல. இந்தக் காதுல இன்னிக்கும் சரியா கேக்காது.

— அப்ப...

— ஆமா. வறுவல்ல ஒண்ணும் இல்ல. நீ வருசம் பூராம் என் அடுப்படியில நின்னாலும் அதக் கத்துக்க முடியாது.

— அப்புறம் என்னங்கக்கா செஞ்சீங்க?

— விடிகாலையில நாலரை பஸ்ஸுக்கு வந்துட்டேன். ஊரெல்லாம் அவன் என்ன வெரட்டிவுட்டான்னு பேசிக்கறாங்க. பொய்யி. நானா வந்தேன். கலைமதி என் சேலத்தலப்ப வெரல்ல சுத்திக்கிட்டுத் தூங்கிக்கிட்டிருந்தா. ஒவ்வொரு வெரலா எடுத்துவுட்டேன். எழுப்புனா அழுவா, அழுதா அவன் முழிச்சிக்குவான். நாளைக்கு எங்கண்ணன் தர்மனக் கூட்டிக்கிட்டு வந்து தூக்கிக்கலாம்னு நெனச்சேன்.

— அண்ணன் வரலீங்களா?

— நாளு பாக்கணும்னான். பெரியவங்ககிட்ட பேசணும்னான். எங்கண்ணி இன்னொரு வயித்துக்கு எங்க போறதுன்னா. பதினோரு நாளு ஆச்சு. பன்னண்டாவது நாளு நோட்டீஸு வந்துருச்சு. எனக்குப் பைத்தியம், புள்ளைய வுட்டுட்டு ஓடிட்டேன்னு. கோர்ட்டுல கேட்டாங்க, நாலு வயசுப் புள்ளைய வுட்டுட்டுப் போனது உண்மையான்னு.

— என்னன்னு சொன்னீங்க?

— ஆமான்னேன். உண்மதான அது. வேற என்னத்தச் சொல்றது? மாசம் ஒருக்கா கொண்டாந்து காட்டணும்னு சொன்னாங்க. மூணு தடவ கொண்டாந்தான். நாலாந்தடவ வரல. நானும் கேட்டு நடக்கல.

— ஏனுங்க?

— மூணாவது தடவ நான் கைய நீட்டுனேன், அவ அவன் காலுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்டா. அதுக்கப்புறம் எதுக்குப் போறது? அவன் அவள அடிக்கறானா? உண்மையச் சொல்லு.

— இதுவரைக்கும் இல்லீங்க. கைய ஓங்குவாரு. நான் நடுவுல போயி நின்னுக்குவேன்.

— எப்பவும்?

— எப்பவுங்க.

— வறுவல் செவந்துருச்சு பாரு. எறக்கு. அந்த டிபன் டப்பா எடு. சூட்டோட மூடாத, ஆறுனதும் மூடு. அங்க போயி இரும்புச் சட்டியில ஒரு பொரட்டு பொரட்டு, கொஞ்சம் மொறுமொறுப்பு திரும்ப வரும். எடுத்துக்கிட்டுக் கெளம்பு.

— நீங்கதான் இப்ப சொன்னீங்க, அதுல ஒண்ணுமில்லைன்னு.

— ஒண்ணுமில்லதான். இருந்தாலும் எடுத்துக்கிட்டுப் போ. ஒரு நாளு தள்ளும்.

— தள்ளுனா?

— இன்னொரு நாளு தள்ளும். என்னடி பாக்கற? ஆமா, உன்னத்தான் போவச் சொல்றேன். வெந்து தோலுரிஞ்சு கெடக்குது உங்கையி, அதப் பாத்துட்டும் போவச் சொல்றேன். நான் நல்லவளா இருந்திருந்தா இங்கயே இருடின்னு சொல்லியிருப்பேன். நீ நடுவுல நிக்கறதாலதான் நான் இங்க ஜாக்கெட்டு தெச்சு, தின்னு, தூங்கறேன். நீ வந்துட்டா அங்க யாரு நிக்கறது?

— அடிக்கறவரப் பத்தி ஒண்ணுஞ் சொல்லாம, நிக்கறவளப் போயி நில்லுங்கறீங்க.

— ஆமா. அவங்கிட்ட சொல்லி ஆவப்போறது ஒண்ணுமில்ல. உங்கிட்டத்தான் கேக்க முடியும்.

— ஊர்ல உங்களப் பைத்தியம்னு சொல்லுவாங்க. ராத்திரில புள்ள கழுத்த நெறிக்கப் பாத்தீங்கன்னு சொல்லியிருக்காரு எங்கிட்ட. மூணு வருசமா அத நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்.

— இப்ப?

— நீங்க பாப்பாவோட பல்லக் கேட்டீங்க, முடியக் கேட்டீங்க. ஒரு பைத்தியம் அப்படி வரிசையா கேக்காதுங்க.

— சரி, சரி. நேரம் ஆவுது. டப்பாவ மூடு.

— வேணாங்கக்கா.

— என்ன வேணாம்?

— நான் போவலீங்க.

— என்னடி சொல்ற?

— எங்கம்மா வூடு கிருஷ்ணகிரிப் பக்கம். இங்கேருந்து நேரா பஸ்ஸு. காலையில வரப்பகூட திரும்பிப் போவத்தான் நெனச்சேன், சத்தியமா. இதக் கத்துக்கிட்டா சரியாயிரும்னு ஒரு நம்பிக்க. அத நீங்க எடுத்துட்டீங்க.

— பைத்தியக்காரி, அந்தப் புள்ள அங்க இருக்குதுடி!

— தெரியுங்க.

— உன்ன அம்மான்னு கூப்புடுதுடி!

— தெரியுங்கக்கா. அதனாலதான் நான் போவக் கூடாது. அவ மொகத்தப் பாத்தா அங்கயே இருந்துருவேன். நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு ஒரு நாளு செத்துருவேன்.

— அப்ப நீ கூட்டிக்கிட்டாச்சும் வந்திருக்கணுமில்ல!

— நான் யாருங்க அவளுக்கு? நான் தூக்கிட்டு வந்தா புள்ளையக் கடத்திட்டான்னு எழுதிக் குடுப்பாரு. பெத்தவளப் போயி யாரு அப்படிச் சொல்றது?

— நானா? நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு... சோபனா, உங்கால்ல வேணா வுழுவறேன். இன்னிக்கு ஒரு நாளு போ. ஒரே ஒரு நாளு. நான் எங்கண்ணங்கிட்ட பேசிட்டு...

— அண்ணங்கிட்ட பேசாதீங்கக்கா. பன்னண்டரைக்குத் தருமபுரி வண்டி வருது. அங்க ஒன்றரைக்கு ஏரியூர் பஸ்ஸு. நான் திரும்பிப் போறதுக்குன்னு பாத்து வெச்ச பஸ்ஸுதான், மூணரைக்கெல்லாம் எறக்கிவுட்டுருவான். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு வுடுவாங்க. கேட்டு வாசல்ல நின்னு அவ பேரச் சொல்லிக் கூப்புடுங்க, அவளுக்கு உங்க மொகம் ஞாபகமில்லீங்க.